நிலவன் பற்றவைத்த பக்கம்

புயல் கரையைக் கடந்து சில நாள் கழித்துத்தான் பாண்டிச்சேரி முதலியார்பேட்டையில் தெருத்தண்ணீர் வடிந்தது. ராஜாங்கம் வீட்டுக்குள் படிந்த சேற்றை வாரிக் கொட்டிவிட்டு, பின்பக்கத் தகரக் கொட்டகையின் கதவைத் தள்ளினார். அது பாதிதான் திறந்தது. உள்ளே யார் வீட்டிலிருந்தோ மிதந்து வந்த வாளியும் பலகையும் ஒற்றைச் செருப்பும் காரின்மேல் ஒதுங்கிக் கிடந்தன. காரின் கதவில் பாதி உயரத்துக்குச் சேற்றுக்கோடு போட்டிருந்தது.

அது அந்த வட்டாரத்தில் வேறு யாரிடமும் இல்லாத கார். அறுபதுகளில் பிரான்ஸில் செய்தது. இரண்டே கதவு, கூரையை மடித்துப் பின்னால் தள்ளிவிடலாம். பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய, ஊரார் பிரெஞ்சு மரியாதையில் முசியே என்று கூப்பிடும் லூர்து இளவயதில் கப்பலேற்றிக் கொண்டுவந்தது. கடற்கரைக்குப் பக்கத்துத் தெருவில் அவர் வீட்டுப் பின்கட்டில் உப்புக்காற்றில் நின்று நின்றே வீணாய்ப் போனது. ராஜாங்கத்தின் மகன் நிலவன் அவரிடம் டிரைவராக இருந்தான். பிள்ளைகளோடு இருந்துகொள்ளலாமென்று பாரிஸுக்குக் கிளம்பியபோது முசியே வீட்டை விற்றார், காரை நிலவனிடம் கொடுத்தார். எடைக்குப் போடுவதானால் எனக்குத் தெரியாமல் போடு என்று மட்டும் சொன்னாராம்.

நிலவன் எடைக்குப் போடவில்லை. தள்ளிக்கொண்டே வீட்டுக்குக் கொண்டுவந்தான். லீவு நாளெல்லாம் கொட்டகையில்தான் கிடந்தான். மில்லில் தறி ஃபிட்டராக இருந்து, மில் மூடிய பிறகு கெஸ்ட் ஹவுஸ் ஒன்றில் வாட்ச்மேனாகப் போய்க்கொண்டிருந்த ராஜாங்கத்துக்கு அது பிடிக்கவில்லை. அடுத்தவர் காரை ஓட்டிப் பிழைக்கிறவனுக்கு ஸ்போர்ட்ஸ் கார் எதற்கு என்பது அவர் கட்சி. ஒரு ஞாயிற்றுக்கிழமை நிலவன் புகைநாற்றத்தோடு வீட்டுக்குள் வந்து, "வந்து பாரேன்ப்பா, நானே வெல்டிங் வச்சேன்" என்று கூப்பிட்டான். அவர் டிவியைப் பார்த்தபடியே நாளைக்குப் பார்க்கலாம் என்றார். நாளைக்கும் போகவில்லை, அப்புறமும் போகவில்லை. அடுத்த மழைக்காலத்தில் நிலவனுக்கு டெங்கு வந்தது. கதிர்காமம் ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் தங்களால் ஆனதையெல்லாம் செய்தார்கள். ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. கல்யாணமாகி இரண்டு வருஷம் முடியாத மனைவி சுடர்விழியையும், அம்மா மணியம்மாளையும், அப்பாவையும், பாதியில் நின்ற காரையும் விட்டுவிட்டுப் போய்விட்டான்.

அதற்குப் பிறகு தினமும் காலையில் வாசல் தெளித்ததும் மணியம்மாள் கொட்டகைக்குப் போய்விடுவாள். பழைய நூல்சேலைக் கிழிசலால் காரை ஒருமுறை துடைத்துவிட்டு வந்துதான் அடுப்பைப் பற்றவைப்பாள். ராஜாங்கம் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பதுகூடக் கிடையாது.

இப்போது அவள் அவருக்குப் பின்னால் வந்து நின்றாள். சேற்றுக்கோட்டைப் பார்த்தாள். முன்மூடியின்மேல் கையை வைத்துக்கொண்டு அப்படியே குந்திவிட்டாள்.

"ஏங்க, இத எப்படியாவது காப்பாத்திக் குடுங்க. வேற எதுவும் நா உங்கள கேக்கல."

ராஜாங்கம் அன்றைக்கே பிரேம்குமாருக்குப் போன் செய்தார்.

பிரேம்குமார் நிலவனோடு பள்ளிக்கூடத்திலிருந்து ஒன்றாகத் திரிந்தவன். கோரிமேட்டுக்குப் போகும் சாலையில் டிங்கர் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தான். அடிபட்டு நசுங்கிய கார்களைத் தட்டி நிமிர்த்துவது, துருப்பிடித்த தகட்டை வெட்டிப் புதுசு வைப்பதுதான் அவன் தொழில். நிலவன் வெல்டிங் பிடிக்கக் கற்றுக்கொண்டதும் அங்கேதான். வந்தவன் காரைச் சுற்றி வந்தான். ஸ்க்ரூடிரைவரின் பிடியால் கீழ்ப்பக்கமெல்லாம் தட்டினான். சில இடத்தில் கணீரென்றது. பல இடத்தில் ஈரச் சாக்கைத் தட்டினது போலிருந்தது. கதவைத் திறந்து சாத்திப் பார்த்தான். கதவு கீழே இறங்கிப் போய்ப் பூட்டில் சேரவில்லை.

"வண்டி நடுவுல தொங்குதுப்பா" என்றான்.

இரும்புக் கூரை உள்ள காருக்குக் கூரையே ஒரு பிடிமானம். இதற்கு அது இல்லை. கதவுக்கு அடியில் முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை ஓடும் தகட்டுப் பெட்டிதான் இரண்டு பாதியையும் சேர்த்துப் பிடித்திருக்கிறது. அந்தப் பெட்டி ஒரே தகடு கிடையாது. பல தகடுகளை விளிம்போடு விளிம்பு மடித்துச் சேர்த்தது. அந்தச் சேர்மானத்துக்குள் ஈரம் போனால் வெளியே வராது. மேலே பெயின்ட் பளபளவென்று இருக்கும்போதே உள்ளே துரு தின்றுவிடும். உப்புக்காற்று தின்று வைத்திருந்ததில் இப்போது வெள்ளமும் புகுந்துவிட்டது. இதையெல்லாம் பிரேம்குமார் சுருக்கமாகச் சொல்லி, இங்கே வைத்துச் செய்ய முடியாது, ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோகணும் என்றான். கயிறு கட்டி மினிலாரியில் ஏற்றியபோது மணியம்மாள் தெருமுனை வரைக்கும் பின்னாலேயே நடந்து வந்தாள்.

வலப்பக்கத்தில் சிக்கல் இல்லை. அந்தப் பக்கம் மொத்தமும் அழுகியிருந்தது, யாரும் தொட்டதுமில்லை. பிரேம்குமார் அதை முழுசாக அறுத்து எறிந்துவிட்டு, தகடு வாங்கி மடித்துப் புதுப்பெட்டி செய்து வைத்தான். ராஜாங்கம் வாட்ச்மேன் வேலை முடித்து நேராக அங்கே வந்துவிடுவார். தகட்டைப் பிடித்துக்கொள்வார். அளவு சொல்வார். மகன் இருந்தபோது செய்யாததை இப்போது செய்கிறாரே என்று பிரேம்குமார் நினைப்பானோ என்று முதலில் கூசியது. அவன் எதையும் காட்டிக்கொள்ளவில்லை. தோல்பை தைக்கும் கம்பெனியில் தையல் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த சுடர்விழி, நனைந்துபோன சீட்டு உறைகளைப் பிரித்து வீட்டுக்கு எடுத்துப்போய், அதே அளவில் புதுசு தைக்க ஆரம்பித்தாள். வீட்டில் கொஞ்ச நாளைக்குப் பேச்சுச் சத்தம் கேட்டது. சாப்பிடும்போது காரைப் பற்றிப் பேசினார்கள். காரைப் பற்றிப் பேசினால் நிலவனைப் பற்றிப் பேச முடிந்தது.

பிறகு இடப்பக்கத்துக்கு வந்தார்கள். பிரேம்குமார் அன்று ராஜாங்கத்தை டீக்கடைக்குக் கூட்டிப்போனான். டீ ஆறுகிற வரைக்கும் டம்ளரைக் கையில் சுற்றிக்கொண்டிருந்தான்.

"இந்தப் பக்கம் நிலவன் வச்சதுப்பா. பழச சுத்தமா அறுத்துட்டு வைடான்னு சொன்னேன். பொங்கலுக்குள்ள அம்மாவுக்கு ஒரு பக்கமாச்சும் முடிச்சுக் காட்டணும்னு துரு மேலயே புதுத் தகட்ட வச்சிப் பத்த வச்சிட்டான். பின்னாடி பிரிச்சுப் பண்ணிக்கலாம்னான். நானும் சரின்னுட்டேன். இப்ப அத அறுக்கணும்."

ராஜாங்கம், மணியம்மாளிடம் கேட்டுவிட்டுச் செய்வோம் என்றார்.

மணியம்மாள் மறுநாள் மதியம் இருவருக்கும் சோறு கட்டிக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினாள். விஷயத்தைச் சொன்னதும் கூடையை இறக்கி வைத்துவிட்டு, காரின் இடப்பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். கதவுக்கு அடியில் நீளமாக ஓடிய வெல்டிங் தழும்பின்மேல் விரலை வைத்து நகர்த்திக்கொண்டே போனாள்.

இதை அவன் வைக்கும்போது தான் பக்கத்தில் இருந்ததாகச் சொன்னாள். டார்ச் லைட் பிடித்ததே அவள்தான். பொறி தெறித்து முழங்கைக்கு மேல் சுட்டுக்கொண்டான், பேஸ்ட் தடவிவிட்டாள், வலிக்குதாடா என்று கேட்டதற்குச் சிரித்தான். இதையெல்லாம் பிரேம்குமாருக்குச் சொல்கிறாளா, காருக்குச் சொல்கிறாளா என்று தெரியாதபடி சொன்னாள்.

பிரேம்குமார் அவளுக்குப் புரியவைக்கப் பார்த்தான். டிரில்லை எடுத்து அந்தப் பெட்டியின் அடியில் சின்னதாக ஒரு துளை போட்டான். துளையிலிருந்து கறுப்பாகத் தண்ணீர் கசிந்து வந்தது. புயல் போய் ஒரு மாதத்துக்கு மேலாகியும் உள்ளே அந்தத் தண்ணீர் நின்றிருந்தது. அது சிமென்ட் தரையில் ஓடி அவள் சேலை விளிம்பைத் தொட்டது. அவள் நகரவில்லை.

"இத அறுக்காம வண்டி ஓடாதும்மா. ஓட்டினா ரெண்டா மடங்கிரும்."

"ஓட வேணாம். நிக்கட்டும். அவன் கையால வச்சது இது ஒண்ணுதான் இருக்கு. இத எடுத்துட்டு எனக்கு எதுக்குக் காரு?"

யாரும் சோற்றைத் திறக்கவில்லை. அவள் கூடையை அங்கேயே விட்டுவிட்டுப் பஸ் ஏறிவிட்டாள்.

வேலை நின்றது. கார் ஒருபக்கம் புதுசாகவும் ஒருபக்கம் பழசாகவும் ஒர்க்‌ஷாப்பின் மூலையில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. ராஜாங்கம் போவதை நிறுத்தினார். சுடர்விழி மட்டும் சீட்டு தைப்பதை விடவில்லை. ஒருநாள் ராத்திரிச் சாப்பாட்டின்போது, கார் ஓடினால்தான் நிலவனுக்கும் நிம்மதி என்கிற மாதிரி ஏதோ சொன்னாள். மணியம்மாள் கையிலிருந்த கரண்டியைச் சட்டியில் வைத்தாள்.

"நீ அவன மறக்க ஆரமிச்சிட்ட."

ராஜாங்கம் மனைவியை அதட்ட வாயெடுத்தார். சுடர்விழி வேண்டாம் என்று கையைக் காட்டினாள். அவள் அழவில்லை. தட்டில் இருந்த சோற்றைப் பார்த்துக்கொண்டே நிதானமாகப் பேசினாள்.

"மறக்கல அத்த. அவரு சட்ட எல்லாம் கொடியில அப்படியேதான் கெடக்கு, ஒருநாள் கூட நா தொட்டதில்ல. நீங்களும் தொடல. நாம எதையும் தொடாம இருக்கோம். எதையும் தொடலன்னா அவரு அப்படியே இருப்பாருன்னு நெனைக்கிறோம். எனக்கு மூச்சு முட்டுது அத்த."

மணியம்மாள் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். சுடர்விழி சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தாள். இருபத்தாறு வயதுப் பெண் இப்படிச் சொல்லும்படி இத்தனை நாள் வீட்டை வைத்திருந்தோமே என்று ராஜாங்கத்துக்குப் பட்டது. மருமகள் பொங்கி எழுந்து சண்டை போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

காலையில் அவர் வேலைக்குப் போகவில்லை. கோரிமேட்டுப் பஸ்ஸில் ஏறினார்.

பிரேம்குமாரிடம் தார்ப்பாயை எடுக்கச் சொன்னார். அவன் எடுத்தான். கிரைண்டரில் அறுக்கும் சக்கரத்தை மாட்டினான். கண்ணாடி போட்டுக்கொண்டு காரின் இடப்பக்கத்தில் குந்தினான். சுவிட்சைப் போட்டான். சக்கரம் சுற்றியது. அவன் அதைத் தகட்டின் பக்கம் கொண்டுபோகாமல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தான். பிறகு நிறுத்திவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினான். முகத்தைச் சட்டைத் தோளில் துடைத்துக்கொண்டான்.

"என்னால முடிலப்பா."

"குடு" என்றார் ராஜாங்கம்.

மில்லை விட்ட பிறகு அவர் இப்படி ஒரு கருவியைக் கையில் பிடித்ததில்லை. ஆனால் கை மறக்கவில்லை. அறுப்பதற்கு முன் அவர் தரையில் ஒருக்களித்துப் படுத்து, வெல்டிங்கை முழுக்கப் பார்த்தார். மகன் வந்து பார் என்று கூப்பிட்டதை அப்போதுதான் முதல்தடவையாகப் பார்த்தார்.

முன்சக்கரத்துப் பக்கத்திலிருந்து தொடங்கியிருந்தான். அங்கே உருகிய இரும்பு கட்டிகட்டியாக நின்றது. ஒரு இடத்தில் சூடு அதிகமாகித் தகடு ஓட்டை விழுந்து, அதன்மேல் அவசரமாக அடைத்திருந்தான். கொஞ்சம் தள்ளி அதே தப்பு மறுபடியும். அதற்குப் பிறகு ஓட்டை இல்லை. கதவின் நடுப்பக்கம் வரும்போது கை நடுங்குவது நின்றிருந்தது. பின்சக்கரத்தை நெருங்க நெருங்க வெல்டிங் ஒரே சீராக, ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்த சின்னச்சின்ன வளையங்களாக, மில்லில் கைதேர்ந்த வெல்டர்கள் வைத்த மாதிரி ஓடியது. கடைசி ஒரு சாண் நீளம் குறை சொல்ல இடமில்லாமல் இருந்தது. காலையில் ஆரம்பித்து சாயங்காலம் முடித்திருப்பான். முடித்த கையோடு ஓடி வந்துதான் கூப்பிட்டிருக்கிறான்.

ராஜாங்கம் வெகுநேரம் படுத்துக் கிடந்தார். பிரேம்குமார் வெளியே போய்ச் சாலையைப் பார்த்து நின்றுகொண்டான். பிறகு கிரைண்டர் சத்தம் கேட்டது.

பின்பக்கத்திலிருந்து முன்பக்கமாக அவர் அறுத்துக்கொண்டு வந்தார். நடுவில் நிறுத்தவில்லை. நிறுத்தினால் மறுபடி தொட முடியாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. மேல்தகடு கழன்று கையோடு வந்தபோது, அதற்கும் பழைய தகட்டுக்கும் நடுவில் துரு அப்பளம் அப்பளமாக அடுக்கியிருந்தது. தொட்டதும் உதிர்ந்தது. மிச்சம் இருந்த கறுப்புத் தண்ணீரும் சேறும் அவர் முழங்கையில் வழிந்தன. பிரேம்குமார் சொன்னது சரிதான். இன்னும் ஒரு மழைக்குத் தாங்கியிருக்காது. அது தெரிந்தும் அவருக்குக் கொலைசெய்துவிட்டு நிற்பது போல இருந்தது.

வீட்டுக்குப் போனதும் அவர் மறைக்கவில்லை. அடுப்படி வாசலில் நின்று, "அறுத்துட்டேன். பிரேம் இல்ல. நாந்தான்" என்றார். அறுத்தெடுத்த தகட்டைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். அதைச் சுவரோரம் வைத்தார். மணியம்மாள் திரும்பிப் பார்க்கவில்லை. காலையில் பார்த்தபோது தகடு அங்கே இல்லை. எங்கே வைத்தாய் என்று அவர் கேட்கவில்லை. அவளும் அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். சோறு போடுவாள், துணி துவைத்து வைப்பாள். எதுவும் சொல்ல வேண்டியிருந்தால் சுடர்விழியிடம் சொல்லி அனுப்புவாள்.

வேலை நடந்தது. துருவேறிய தகட்டையெல்லாம் நல்ல இரும்பு தெரிகிறவரை வெட்டினார்கள். கதவு இடைவெளி மாறாமலிருக்கக் காருக்குள் குறுக்கே இரும்புக் கம்பிகள் கட்டி நிறுத்தி, அதற்குப் பிறகுதான் புதுப்பெட்டியை உட்காரவைத்தார்கள். சேர்மானத்துக்குள் பிரைமர் அடித்து, விளிம்புகளை மடித்து, வெல்டிங் வைத்து, ஈரம் புகாமல் பசை போட்டு அடைத்தார்கள். வெல்டிங் பிரேம்குமார்தான் வைத்தான். ஒருதடவை வெல்டிங் பிடியை ராஜாங்கத்திடம் நீட்டினான், அவர் வேண்டாமென்று தலையசைத்தார். இன்ஜினை நிலவன் முன்பே கழற்றித் தெரிந்த மெக்கானிக்கிடம் சரிசெய்யக் கொடுத்திருந்ததால் அது வெள்ளத்துக்குத் தப்பியிருந்தது. மாட்டினார்கள். முசியே காலத்தில் இருந்த அதே இளநீலத்தில் பெயின்ட் அடித்தார்கள். சுடர்விழி தைத்த சீட்டுறைகள் இம்மி பிசகாமல் பொருந்தின.

கார் தயாரானபோது சித்திரை வெயில். வீட்டுக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினான் பிரேம்குமார். தெருவே கூடிவிட்டது. மணியம்மாள் வாசலுக்கு வரவில்லை. சுடர்விழி உள்ளே போய்க் கூப்பிட்டாள். தலைவலிக்கிறது, நீங்கள் போய் வாருங்கள் என்று பாயில் படுத்துக்கொண்டாளாம்.

சுடர்விழிக்குக் காரோட்டக் கற்றுக்கொடுத்தவன் நிலவன். அவள் ஓட்ட, ராஜாங்கம் பக்கத்தில் உட்கார்ந்தார். கூரையை மடித்துவிட்டிருந்தார்கள். மில்லைத் தாண்டி, ரயில்வே கேட்டைத் தாண்டி, ஊருக்குள் போனார்கள். சிக்னலில் நின்றவர்கள் போனில் படமெடுத்தார்கள். அவள் எதையும் கவனிக்காமல் நேரே பார்த்து ஓட்டினாள். மேடுபள்ளத்தில் ஏறி இறங்கியபோது ராஜாங்கத்தின் கை தன்னால் கதவைப் பற்றியது. கார் எங்கேயும் முனகவில்லை.

கடலோரத்தில் ஒரு மரத்தடியில் நிறுத்தினாள். இன்ஜினை அணைத்துவிட்டு ஸ்டீயரிங்கிலேயே கையை வைத்திருந்தாள்.

"மாமா, கடலூர்ல எங்கண்ணன் ஒரு எடம் பாத்திருக்காரு. மாப்பிள்ளைக்கும் இது ரெண்டாவது கல்யாணந்தான். பொண்டாட்டி தவறிட்டாங்க. நா இன்னும் ஒண்ணும் சொல்லல. உங்க கிட்ட சொல்லாம அண்ணனுக்குப் பதில் சொல்லக் கூடாதுன்னு இருந்தேன்."

ராஜாங்கத்துக்கு இது என்றைக்காவது வரும் என்று தெரியும். மகனைத் தூக்கிக்கொண்டு போன அன்றைக்கு இவள் அவர் காலைப் பிடித்துக்கொண்டு விடாமல் கிடந்தாள். அதற்குப் பிறகு அவள்தான் அந்த வீட்டில் விளக்கேற்றினாள், அவருக்கு மாத்திரை எடுத்துக்கொடுத்தாள். இனி வீட்டில் யார் இருப்பார்கள்.

"நல்ல மனுசனா?" என்று கேட்டார்.

"போன்ல பேசினேன். அமைதியாத்தான் பேசறாரு."

"போம்மா. போயி நல்லா இரு" என்றார். அவள் அழத் தொடங்கினாள். அவர் அவள் தலையில் கையை வைத்து, அழுகை ஓய்கிறவரைக்கும் எடுக்காமல் உட்கார்ந்திருந்தார்.

வீடு திரும்பியபோது மணியம்மாள் அடுப்படியில் இருந்தாள். அவர் கைகால் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். சோற்றைப் போட்டாள். குழம்பை ஊற்றினாள். நகராமல் நின்றாள்.

"ஓடுச்சா?"

எத்தனையோ வாரத்துக்குப் பிறகு அவள் அவரிடம் பேசிய முதல் வார்த்தை.

"ஓடுச்சு."

"சத்தம் எதுனா வந்துச்சா?"

"இல்ல. ஒண்ணும் வரல. கதவு ஒரு தள்ளுக்கு சாத்திக்கிச்சு. பீச் ரோட்டுல எல்லாரும் திரும்பித் திரும்பிப் பாத்தாங்க."

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. சத்தம் வரவில்லை. அவர் எச்சில் கையோடே எழுந்து போய் அவள் பக்கத்தில் நின்றார். கடலூர்ப் பேச்சையும் அப்போதே சொல்லிவிட்டார். அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். சுடர்விழியின் அண்ணன் முந்தின வாரமே வந்து தன்னிடம் கேட்டுவிட்டுப் போனதாகச் சொன்னாள். தான் சரியென்று சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை என்றாள்.

"அன்னிக்கு நா சொன்னத அவ மனசுல வச்சிருப்பாளா?" என்று கேட்டாள்.

"வச்சிக்கமாட்டா."

"சொல்லியிருக்கக் கூடாது" என்றாள். மறுநாள் கொடியில் கிடந்த நிலவனின் சட்டைகளை எடுத்து, மாமியாரும் மருமகளுமாக உட்கார்ந்து மடித்தார்கள். மடித்து முடிப்பதற்குள் மதியமாகிவிட்டது.

ஆவணியில் சுடர்விழிக்குக் கல்யாணம் நடந்தது. ராஜாங்கமும் மணியம்மாளும் தாலி கட்டும்போது மண்டபத்துக்கு வெளியே நின்றார்கள், பிறகு போய் வாழ்த்திவிட்டு வந்தார்கள். அவள் வாரத்துக்கு ஒருநாள் போன் செய்தாள். போகப் போக அது மாதத்துக்கு ஒருநாளானது. அதுதான் நல்லது என்று மணியம்மாளே சொன்னாள். சொல்லிவிட்டுப் போனைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு படுப்பாள்.

வீட்டில் காரோட்டத் தெரிந்தவர் இப்போது யாருமில்லை. கார் பிரேம்குமாரின் ஒர்க்‌ஷாப்பிலேயே நின்றது. நின்றால் மறுபடி துருவேறும். மழைக்காலம் வருவதற்குள் ராஜாங்கம் சாவியைப் பிரேம்குமாரிடம் கொடுத்து, நீயே வைத்துக்கொள் என்றார். அவன் முதலில் மறுத்தான். பிறகு, ஓடிக்கொண்டிருந்தால்தான் அதற்கு ஆயுசு என்று வாங்கிக்கொண்டான். சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் கல்யாணம் நிச்சயமான ஜோடிகள் போட்டோ எடுத்துக்கொள்ளப் பாண்டிச்சேரிக்கு வருகிறார்கள், பிரெஞ்சு வீடுகளின் முன்னால் பழைய கார் நின்றால் அவர்களுக்குப் பிடிக்கிறது, அதற்கு அனுப்பட்டுமா என்று கேட்டான். ராஜாங்கம் மணியம்மாளைப் பார்த்தார். அவள் சரி என்றாள்.

மார்கழி தொடங்கிய ஒருநாள் மணியம்மாள் பெரிய மார்க்கெட்டில் காய் வாங்கிக்கொண்டு, மணக்குள விநாயகரைக் கும்பிட்டுவிட்டுப் பஸ்ஸுக்குத் திரும்பினாள். வெயில் இன்னும் ஏறாத நேரம். ஒரு தெருவுக்குள் கூட்டமாக நின்றார்கள். மஞ்சள் சுவரின் முன்னால் அந்த இளநீலக் கார் நின்றது. வேலை முடிந்த பிறகு அவள் ஒருதடவைகூட அதைப் பார்த்ததில்லை. ஆனாலும் தெரிந்தது.

ஸ்டீயரிங்கின் முன்னால் வெள்ளைச் சட்டை போட்ட ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் அந்தப் பெண் சீட்டின்மேல் ஏறி, காற்றுக்குத் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கேமராக்காரர் சொல்லச்சொல்ல இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு வராதபோது ஒருவரையொருவர் கிள்ளிச் சிரித்தார்கள். அந்தப் பையனுக்கு நிலவன் வயதுதான் இருக்கும். முகஜாடை ஒன்றும் இல்லை. மணியம்மாள் அவன் முழங்கையைப் பார்த்தாள், கழுத்தைப் பார்த்தாள், கியர்த்தண்டின்மேல் கையைப் போட்டிருந்த விதத்தைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே கூட்டத்தைத் தாண்டி முன்னால் வந்துவிட்டிருந்தாள். பிரேம்குமார் அனுப்பிய டிரைவர் எதிர்ப்பக்கத்தில் போன் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு அவளைத் தெரியாது.

"அம்மா, கொஞ்சம் தள்ளிக்கங்க. போட்டோல விழுறீங்க" என்றார் கேமராக்காரர்.

அவள் பின்னால் நகர்ந்தாள். அந்தப் பெண் அவளைப் பார்த்து, பரவாயில்ல ஆன்ட்டி என்பது போல ஒரு சிரிப்புச் சிரித்தாள். மணியம்மாளும் சிரிக்கப் பார்த்தாள்.

இன்னும் சில படம் எடுத்தார்கள். பிறகு அந்தப் பையன் இன்ஜினைக் கிளப்பினான். தெருமுனைவரை ஓட்டிப்போய்த் திருப்பிக்கொண்டு வந்தான். பெண் இரண்டு கையையும் மேலே தூக்கிக் கத்திக்கொண்டே வந்தாள். கேமராக்காரர் முன்னால் ஓடிக்கொண்டே படம் பிடித்தார். மணியம்மாள் சுவரோரம் ஒட்டிக்கொண்டு, கார் தன்னைக் கடந்து போகிற வரைக்கும் அதன் இடப்பக்கத்தையே பார்த்திருந்தாள். அதில் ஒரு தழும்பும் இல்லை.

காய்ப்பையைத் தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள். வீட்டுக்குப் போனதும் ராஜாங்கத்திடம் காரைப் பார்த்ததாகச் சொன்னாள். யார் ஓட்டினார்கள் என்று அவர் கேட்டார்.

"யாரோ ஒரு புள்ள. சந்தோசமா ஓட்டிச்சு" என்றவள், அரிவாள்மனையை எடுத்துப் போட்டு உட்கார்ந்து, வாங்கி வந்த கத்திரிக்காயை நறுக்கத் தொடங்கினாள். கொஞ்ச நேரத்தில் கண்ணீர் மறைத்து நறுக்க முடியாமல் போயிற்று. ராஜாங்கம் அருகில் வந்து அரிவாள்மனையை வாங்கிக்கொண்டார். மிச்சத்தை அவர் நறுக்கினார்.